பின்கட்டுக் கொடியில் காய்ந்த பாய்

கும்பகோணம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கண் அறுவைக்குப் பிறகு நீயே கைப்பட எழுதியிருப்பதைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். அவருக்குத்தான் முழங்கால் வலி. மாடி ஏறுவதை விட்டுவிட்டார்.

பேரனைப் பற்றி எழுதிய பக்கத்தை மூன்று முறை படித்தேன். எட்டு வயதுப் பிள்ளை, மாமா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அழுதானாம். மண்டபத்தில் எல்லாரோடும் படுக்க வேண்டுமே, தூக்கத்தில் சிறுநீர் போய்ப் பாயை நனைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். போன வாரம் மருமகள் கை நீட்டிவிட்டாள் என்கிறாய். ‘எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லாத பழக்கம்’ என்று சம்பந்தியம்மாள் சொன்னபோது நீ வாய் திறக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். உன் மகனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதானே பேசாமல் இருந்தாய்? ஆனால் இந்த முறை நீ பேச வேண்டும், வசந்தா.

உறையூரில் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனமாக இருந்தோமே, உன் மகனுக்கும் இருந்தது, என் மகனுக்கும் இருந்தது. நீ பாயை அலசிப் பின்கட்டுக் கொடியில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளைக்குத் தலை வாரி விடுவாய். நான் தெருப்பக்கத் திண்ணையில் விரித்தேன். நாலு பேர் பார்த்தால் ரோஷம் வரும், ரோஷம் வந்தால் நின்றுவிடும் என்று நம்பினேன். அப்போது எனக்கு அறுவை சிகிச்சை வார்டில் வேலை. குழந்தைகள் வார்டுக்கு மாறியது பிறகுதான்.

உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் இரவுப் பணி முடிந்து, விடிவதற்கு முன் வீடு வந்தேன். குழாயடியில் என் மகன் குந்தி உட்கார்ந்து ஜமக்காளத்தைப் பிழிந்துகொண்டிருந்தான். ஒன்பது வயதுக் கைக்கு அது முறுக்கக்கூட வரவில்லை. சத்தம் கேட்கக் கூடாது என்று வாளியைக் குழாயோடு ஒட்டி வைத்து, தண்ணீரை நூலாகத் திறந்துவிட்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். அன்றோடு திண்ணையில் பாய் விரிப்பதை நிறுத்தினேன்.

உன் பேரன் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை முதலில் மருமகளுக்குப் புரியவை. தூக்கத்தில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்க மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. சில பிள்ளைகளுக்கு இரவில் அது போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை இரவு முழுவதும் தாங்காது. இவற்றோடு, பை நிரம்பிவிட்டது என்ற செய்தி வந்தும் விழிக்காத தூக்கம். தூங்குகிறவனுக்கு ரோஷம் எங்கிருந்து வரும்? ஏழு வயதில் நூறு பிள்ளைகளில் 5 முதல் 10 பேருக்கு இது இருக்கிறது. அவன் வகுப்பிலேயே இன்னும் இரண்டு மூன்று பேர் இதே பயத்தோடு படுக்கப் போவார்கள்.

இது பரம்பரையாகவும் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் நூறில் 40-க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும், இருவருக்கும் இருந்திருந்தால் 70-க்கு மேற்பட்டவர்களுக்கும் வருவதாகக் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் உன் மகன் வாய் திறக்க வேண்டும் என்கிறேன். ‘எனக்கும் இருந்ததடா, நின்றுவிட்டது’ என்று அப்பாவே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இவர் மொட்டைமாடியில் வைத்து மகனிடம் அப்படிச் சொன்னார். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து எனக்கே அன்றுதான் தெரியும். மகன் நம்பாமல் ‘எத்தனை வயது வரைக்கும்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

இன்னொன்று கவனி. அவன் பள்ளியில் தண்ணீர் குடிக்கிறானா? கழிப்பறை நாறுகிறது என்று நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பாட்டில் கொண்டுபோனபடியே திரும்பி வரும். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள். அத்தனையும் இரவில்தான் இறங்கும். காலையிலும் மதியமும் நன்றாகக் குடிக்கட்டும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கப் போகட்டும். மாலைக்குமேல் குறைத்தால் போதும், தாகத்தோடு படுக்க விடாதே. காபி, டீ வேண்டாம். மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேள். குடலில் மலம் தேங்கினால் சிறுநீர்ப்பையை அழுத்தும். அதைச் சரிசெய்ததுமே படுக்கை நனைவது நின்ற பிள்ளைகள் உண்டு.

நடு இரவில் எழுப்பிக் கூட்டிப்போனால் அன்றைக்குப் படுக்கை நனையாது, அவ்வளவுதான். இதற்கு மருந்தென்று எள்ளுருண்டை கொடுக்கச் சொல்கிறார்களாமே, கொடு, தின்பண்டம்தானே. ஆனால் சூடு போடுவேன் என்று விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லக் கூடாது.

குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடு. ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் இருக்கிறது. 1938-லேயே அமெரிக்காவில் மவ்ரர் தம்பதி இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். இரண்டு மூன்று மாதம் விடாமல் பயன்படுத்தினால் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குப் பலன் தெரியும். மணி அடித்தாலும் முதலில் அவன் எழமாட்டான், பெரியவர்கள்தான் எழுப்ப வேண்டும். டெஸ்மோபிரெசின் மாத்திரையும் உண்டு. அதை மருத்துவர் சொன்னால் மட்டும் கொடு. கொடுத்த இரவில் அதிகம் தண்ணீர் குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து ஆபத்தாகிவிடும். பகலிலும் நனைத்தாலோ, எரிச்சல் என்றாலோ, திடீரென்று தாகம் கூடி உடம்பு இளைத்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதே. பல மாதம் நின்றிருந்தது திரும்ப வந்தாலும் அப்படித்தான்.

அரையாண்டு விடுமுறையில் அவனை இங்கே அழைத்து வா. கூடத்தில் எனக்குப் பக்கத்தில் படுக்கட்டும். ரப்பர் ஷீட்டும் இரண்டு பழைய போர்வைகளும் எடுத்து வைத்திருக்கிறேன். பின்கட்டில் நல்ல வெயில் அடிக்கிறது. என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

அன்புடன்,
மீனாட்சி