பியானோவை மலையேற்றியவர்களுக்கு நன்றி

ஏற்காட்டு மக்களுக்கும், கீழே சேலத்திலிருந்து வந்திருந்த உறவுகளுக்கும் அன்பு வணக்கம்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு மாலை நம் ஆலயத்தில் நடந்த இலவச இசை நிகழ்ச்சிக்கு இடம் கொள்ளாமல் வந்திருந்தீர்கள். பெஞ்சு நிறைந்து, பாய் விரித்து, அதுவும் நிறைந்து, வாசற்படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றே கேட்டவர்கள் பலர். பாடிய தங்கைக்கும் பியானோ வாசித்த தம்பிக்கும் அன்றைக்கே பொன்னாடை போர்த்திவிட்டோம். மேடைக்கு வராதவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டுப் பியானோவை ஆலயத்துக்கே கொடுத்துவிட்டது. சுவரோடு நிறுத்தி வைக்கும் வகைதான். ஆனாலும் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் இருப்பதால் 200 கிலோவுக்குக் குறையாது. அதைக் குட்டியானையில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் கொண்டுவந்த டிரைவர் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. இரண்டு வளைவுக்கு ஒரு தடவை இறங்கிக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினார். ஏற்றி இறக்கிய நான்கு அண்ணன்மாரும் “கோயில் சாமான்” என்று சொல்லி, டீக்காசுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்கள்.

சேலத்து வெயிலில் இருந்த பியானோ மலைப்பனிக்குள் வந்ததும் மரம் ஈரம் குடித்து உப்பிவிட்டது. சுருதி கலைந்தது. நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் அழுத்தினபடியே கிடந்தது. சுருதி சேர்க்க வந்த ஐயா, “மரம் இந்த ஊருக்குப் பழகட்டும், அப்புறம் தொடுகிறேன்” என்று சொல்லிவிட்டு, பத்து நாள் கழித்து இன்னொரு முறை மலையேறி வந்தார். அவர் சொன்னபடி நம் எலக்ட்ரீஷியன் தம்பி பியானோவுக்குள் அடிப்பக்கம் ஒரு சின்ன குண்டு பல்பை மாட்டி, இரவும் பகலும் எரியவிட்டார். அந்த இளஞ்சூட்டில் ஈரம் வற்றி, நாலாம் நாள் கட்டை தானாக எழுந்தது.

சுருதி சேர்த்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டைகள் 88, கம்பிகள் 200-க்கும் மேல். பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று மூன்று கம்பி. ரப்பர் ஆப்பு செருகி இரண்டின் வாயை அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் சேர்ப்பார். பிறகு ஆப்பை நகர்த்தி அடுத்ததைத் திருகுவார். இரண்டும் சேராதவரை ஒலி ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆட்டம் மெதுவாகி மெதுவாகி, சட்டென்று நின்றுவிடும். அதுவரை மூடியிருந்த கண்ணை ஐயா அப்போதுதான் திறப்பார். தம்புரா மீட்டுகிறவர்களுக்கு இது புரியும். நாலு மணி நேரம் இப்படி. அந்தப் பொறுமைக்கு என்ன கொடுத்தாலும் ஈடாகாது ஐயா.

மைக்செட்டுக்குச் சொல்லி வைத்திருந்தவர் முந்தின நாள் ராத்திரி வர முடியாது என்றுவிட்டார். பதறிப் போனோம். பாடுகிற தங்கைதான், “மைக் வேண்டாம், கூரை உயரமாக இருக்கிறது, அதுவே கொண்டு சேர்க்கும்” என்று தைரியம் சொன்னாள். சரி, வெளிச்சத்தம்? ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்க் கேட்டோம். ஒன்றரை மணி நேரம் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. தெரியாமல் வந்த வெளியூர்க் கார்களையும் கைகாட்டி மெதுவாக அனுப்பினார்கள். கடைசிப் பாட்டில் தங்கை குரலை இழையாக இறக்கியபோது அது கடைசி பெஞ்சு வரை கேட்டது என்றால், அதில் பாதி உங்கள் புண்ணியம் அண்ணன்மாரே.

காபிப்பழம் பறிக்கிற காலம் இது. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்திலிருந்து வேலை முடித்து அப்படியே வந்தவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்ட எஸ்டேட் ஜீப்காரர்களுக்கும், அண்டா அண்டாவாகச் சுக்குக்காபி போட்ட மாதர் சங்கத்து அக்காமாருக்கும், சொந்த வீட்டு விசேஷம் போல ஓடியாடிய உபதேசியாருக்கும், கேட்டதும் சரி என்ற பங்குத்தந்தைக்கும் நன்றி.

நன்கொடையாவது வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். உண்டியலை நீட்டினால், கையில் காசில்லாதவர் வாசலோடு திரும்பிவிடுவார். அதனால் வைக்கவில்லை, இனியும் வைக்க மாட்டோம்.

பல்பு இன்னும் எரிகிறது. கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் வரலாம், பியானோ சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. அப்புறம், மூன்றாவது பெஞ்சில் ஒரு குழந்தையின் சிவப்புக் கம்பளிக் குல்லா கிடந்தது. அதுவும் அவரிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஆலயப் பாடகர் குழுவினர்,
ஏற்காடு