பழைய ஆப்ஷன் வரியை அப்படியே ஒட்டாதே

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். நெட்வொர்க் படிப்புதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்று சேர்ந்தாள். தை செங்கில் இரவு ஷிஃப்ட் முடிந்து நாம் கோப்பி குடித்த கடையை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் உனக்கு அடையாளமே தெரியாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பழைய ரெட்ஹேட் லினக்ஸ் சர்வர்களை 9-ஆம் பதிப்புக்கு ஏற்றப்போகிறாய், சர்வர் கடிகாரத்தை வெளி நேர சர்வர்களோடு ஒத்துவைக்கும் சேவை என்டிபிடியிலிருந்து (ntpd) குரோனிடிக்கு (chronyd) மாறுகிறது. சேவை தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் பழைய ஆப்ஷன் வரியைப் புது ஃபைலில் அப்படியே ஒட்டலாமா என்கிறாய். ஒட்டாதே. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது அன்றைக்கே தெரியும் கோளாறு இல்லை.

நீ அனுப்பிய வரியில் -எக்ஸ் (-x), -யூ (-u), -பி (-p), -ஜி (-g) நான்கும் இருக்கின்றன. முதலில் -ஜி. என்டிபிடி தன் கடிகாரத்துக்கும் வெளி சர்வருக்கும் 1000 விநாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால், அதாவது கிட்டத்தட்ட 17 நிமிடம், எதையும் தொடாமல் லாகில் (பதிவுக் கோப்பில்) ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். சரியான யூடிசி நேரத்தை, அதாவது உலகப் பொது நேரத்தை, கையால் வை என்று அந்த வரி சொல்லும். -ஜி கொடுத்தால் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை அந்த வரம்பைத் தாண்டலாம். இரண்டாவது தடவை அதே அளவு வித்தியாசம் வந்தால் மறுபடியும் நின்றுவிடும். இந்த 'ஒரு தடவை' என்பது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. மிஷின் எழும்போது பேட்டரி செத்துக் கடிகாரம் எங்கேயோ இருக்கலாம், அது இயல்பு. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று 20 நிமிடம் தள்ளியிருக்கிறது என்று யாராவது சொன்னால் சொன்னவர்மேல்தான் சந்தேகம் வரவேண்டும். இதையெல்லாம் யோசித்து உருவாக்கியவர் டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ். 2024 ஜனவரியில் காலமானார். 1985-இல் அவர் எழுதிய என்டிபி நெறிமுறையின் முதல் வரையறையிலிருந்து இன்றைக்கு வரை நாம் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம்.

போன வருடம் இங்கே ஓர் இடத்தில் மின்சாரப் பராமரிப்புக்குப் பிறகு ஒரு சர்வர் பல வருடம் பின்னால் போய் எழுந்தது. வரியைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரோ -ஜியை எடுத்திருந்தார்கள். என்டிபிடி நின்றுவிட்டது. சான்றிதழ்கள் 'இன்னும் செல்லுபடியாகும் தேதி வரவில்லை' என்றன. லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் பொறுக்காது, அதனால் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. எல்லாரும் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். லாகில் அந்த ஒரு வரி சத்தமில்லாமல் கிடந்தது.

இப்போது -எக்ஸ். உன் வரியில் ஆபத்தானது இதுதான். என்டிபிடியில் இதற்கு அர்த்தம், நேரத்தைத் தாவவிடாதே, மெல்ல நகர்த்து என்பது. சாதாரணமாக 128 மில்லிவிநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்து, அது கொஞ்ச நேரம் நீடித்தால் கடிகாரம் ஒரே எட்டில் தாவும். -எக்ஸ் போட்டால் அந்த எல்லை 600 விநாடி ஆகிவிடும். ஆரக்கிள் டேட்டாபேஸ் கிளஸ்டர் (பல சர்வர்கள் சேர்ந்து ஓடும் கூட்டம்) போடும்போது இதைக் கேட்டார்கள் என்பதால்தான் உன் சர்வர்களில் வந்திருக்கும். நேரம் பின்னால் தாவினால் டேட்டாபேஸ் குழம்பும், அது நியாயம். ஆனால் விலையும் உண்டு. நகர்த்தும் வேகம் பத்து லட்சத்துக்கு 500 பங்குதான், ஒரு விநாடியைச் சரிசெய்ய 2000 விநாடி பிடிக்கும். 2 நிமிடம் தள்ளியிருந்தால் ஏறக்குறைய மூன்று நாள் தப்பான நேரத்தோடுதான் ஓடும்.

குரோனிடியிலும் ஒரு -எக்ஸ் இருக்கிறது. அதற்கு அர்த்தமே வேறு: கடிகாரத்தைத் தொடவே தொடாதே. கன்டெய்னருக்குள், அதாவது ஒரு மிஷினுக்குள் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழலுக்குள், ஓடும்போது அது தேவை, ஏனென்றால் கடிகாரம் வெளியே இருக்கும் மிஷினுடையது. உன் சர்வரில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். சேவை தொடங்கும், நிலையைக் கேட்டால் பச்சையாக 'ஓடுகிறது' என்று காட்டும், வெளி சர்வர்களிடம் நேரம் கேட்டுக்கொண்டே இருக்கும், கடிகாரம் மட்டும் தன் போக்கில் போகும். கடிகாரத்தின் சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு விலகினால் ஒரு நாளுக்கு 1.7 விநாடி. கெர்பரோஸின் 5 நிமிடத்தைத் தொட ஆறு மாதம் ஆகும். அன்றைக்கு லாகின் நின்றால், ஆறு மாதத்துக்கு முன் ஒட்டிய ஓர் எழுத்தை யார் நினைப்பார்கள்?

முழு வரியையும் ஒட்டினால் நீ தப்பித்துவிடுவாய். -ஜியைக் குரோனிடிக்குத் தெரியாது. புதிய குரோனிடியில் -பி என்றால் அமைப்பை அச்சிட்டுவிட்டு வெளியேறு என்று அர்த்தம். -யூ-வுக்குப் பயனர் பெயர் மட்டும் போதும், 'என்டிபி' என்று இரண்டு தடவை எழுதி நடுவில் முக்காற்புள்ளி வைக்கும் பழக்கம் இங்கே செல்லாது. ஆக, சேவை எழாது. எனக்குப் பயம் அதற்கு அடுத்த நிமிடத்தைப் பற்றித்தான். எழவில்லையே என்று யாராவது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். -ஜி போகும், -பி போகும், -யூ போகும், மிஞ்சிய -எக்ஸோடு சேவை எழுந்துவிடும். வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். உன் டீமிடம் இதை வாயால் சொல்லிவிடு.

அப்போ என்ன செய்வது? ரெட்ஹேட் 9 கொடுக்கும் ஆப்ஷன் வரியில் கை வைக்காதே. உனக்கு வேண்டிய முடிவுகளை குரோனிடியின் கான்ஃபிக் ஃபைலில் (அமைப்புக் கோப்பில்) எழுது. -ஜி செய்த வேலையை அங்கே 'மேக்ஸ்டெப் 1.0 3' (makestep 1.0 3) என்ற வரி செய்கிறது: முதல் மூன்று திருத்தங்களுக்குள் ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தாவலாம், அதற்குப் பிறகு தாவக் கூடாது. பழைய -எக்ஸின் குணம் குரோனிடிக்குப் பிறவியிலேயே உண்டு, அந்த வரி இல்லாவிட்டால் அது தாவாது, நகர்த்த மட்டும் செய்யும். அதுவும் வேகமாக: ஒரு விநாடியைச் சரிசெய்ய 12 விநாடிதான், 2 நிமிடம் 24 நிமிடத்தில் சரியாகும். அந்த வேகம் உன் டேட்டாபேஸுக்கு ஒத்துவராது என்றால் கான்ஃபிக்கிலேயே குறைத்துக்கொள்ளலாம்.

உன் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி மலேசிய நேரத்துக்கு எந்த ஆப்ஷன் என்று கேட்டானாமே. அப்படி ஒன்று கிடையாது. இரண்டு சேவைகளும் யூடிசியை மட்டும்தான் பார்க்கும். 1981 டிசம்பர் 31 இரவு 11.30-ஐ 12 ஆக்கி உன் ஈப்போவும் என் சிங்கப்பூரும் அரை மணி முன்னே போன கதையெல்லாம் நேர வலயக் கோப்பில் இருக்கிறது. அவனை அங்கே பார்க்கச் சொல்.

மாற்றி முடித்ததும் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு வேலை செய். குரோனிடியைப் பெரிய எழுத்து -க்யூவோடு (-Q), ஒரு வெளி சர்வர் பெயர் கொடுத்து ஒரு தடவை ஓட்டு. எத்தனை விநாடி தப்பு என்று சொல்லிவிட்டு எதையும் மாற்றாமல் வெளியேறும். சின்ன எழுத்து க்யூ (-q) கடிகாரத்தையே திருத்திவிடும், அதனால் பார்த்து அடி. அந்த எண்ணைக் குறித்து வை, ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஓட்டு. இரண்டும் மில்லிவிநாடியில் நின்றால் சரி. 10 விநாடி பக்கம் வளர்ந்திருந்தால் எங்கோ அந்த -எக்ஸ் ஒளிந்திருக்கிறது. இரண்டு எண்ணையும் எனக்கு எழுது.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஈப்போ வரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அம்மா சொட்டு மருந்தை நிறுத்தாமல் போடுகிறாரா என்று பார்த்துக்கொள். பஸ் டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்