குழந்தையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

தேவார வகுப்பிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் மதரஸாவிலும் பிள்ளைகளுக்கு இறைவனைப் பற்றிச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். என் மகள் தேவார வகுப்புக்குப் போகிறாள், தொடர்ந்து போகவேண்டும் என்பதே என் ஆசை. பெரிய வருமானம் இல்லாமல், ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து நீங்கள் செய்யும் வேலையின் அருமை எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எழுதுகிறேன்.

பெற்றோர் கூட்டத்திலும் ஆண்டு விழாவிலும் ஒரு வாதம் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. "கண்ணால் பார்க்காததைக்கூடக் குழந்தை கற்பனை செய்கிறதே, அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? யாரும் சொல்லித்தராமலே 'இதை யார் செஞ்சா'ன்னு கேட்குதே, ஏன்? கடவுள் இருக்கிறார் என்பதற்குக் குழந்தை மனசே சாட்சி." கேட்க இனிமையாக இருக்கிறது, எல்லாரும் தலையாட்டுகிறோம். இந்த வாதத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

குழந்தை அப்படிக் கேட்பது உண்மை. அமெரிக்காவில் பணியாற்றும் உளவியலாளர் டெபோரா கெலமன் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பாறைகள் ஏன் கூராக இருக்கின்றன என்று சிறுபிள்ளைகளிடம் கேட்டார். துகள்கள் நெடுங்காலம் சேர்ந்து அப்படி ஆகிவிட்டன என்ற விளக்கம் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ருசிக்கவில்லை. விலங்குகள் மேலே உட்கார்ந்து நொறுக்கிவிடக் கூடாது என்பதற்காக, உடம்பு அரித்தால் அவை வந்து உரசிக்கொள்வதற்காக என்ற விளக்கங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் சீனப் பிள்ளைகளிடமும் இதே சாய்வைப் பார்த்திருக்கிறார்கள். ஆக, "எல்லாம் பெரியவர்கள் ஊட்டியதுதான்" என்று பகுத்தறிவு பேசும் நண்பர்கள் ஒரே வரியில் முடிப்பதும் சரியில்லை. 'எதற்காக' என்று தேடும் புத்தி பெருமளவு தானாகவே வருகிறது.

ஆனால் பாறை விஷயத்தில் பிள்ளைகள் சொன்னது தவறு. எந்த மாட்டின் முதுகுக்காகவும் பாறை கூராகவில்லை. அதே சாய்வு பாறையில் தப்பாகப் போனால் சிறுபிள்ளைத்தனம், கடவுளிடம் போனால் மட்டும் சான்று என்று எப்படிச் சொல்ல முடியும்?

கற்பனைக்கு வருவோம். எல்லையுள்ள என் மனத்தில் எல்லையில்லாத ஒன்றைப் பற்றிய எண்ணம் இருக்கிறதே, அதை எல்லையில்லாத அவனே வைத்திருக்க வேண்டும் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் 1641இல் எழுதினார். நீங்கள் சொல்வதன் பழைய வடிவம் இது. நூறாண்டு கழித்து, 1748இல், ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் மறுத்தார்: பொன்னையும் மலையையும் பார்த்தவன் பொன்மலையை நினைக்கிறான், நம்மிடம் உள்ள அறிவையும் நன்மையையும் அளவில்லாமல் பெருக்கினால் கடவுள் என்ற எண்ணம் வந்துவிடும் என்றார். நமக்கு இது புதிதில்லை. மதுரைக் கோயில் தூணில் நிற்கும் யாளியைச் சிற்பி எங்கும் பார்த்ததில்லை. சிங்கத்தைக் கேள்விப்பட்டிருந்தார், யானையை நேரில் பார்த்திருந்தார், அது போதுமாக இருந்தது.

எல்லையின்மையும் அப்படித்தானா? என் மகள் ஒரு நாள் "கடைசி நம்பர் எது?" என்று அவள் அப்பாவைக் கேட்டாள். அவர் கோடி என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ கோடியே ஒண்ணு?" என்றாள். அப்புறம் அவளே, "அதுக்கும் ஒண்ணு கூட்டலாம்ல? அப்போ முடியவே முடியாதா?" என்று கண்ணை அகல விரித்தாள். ஒன்றோடு ஒன்றைக் கூட்டத் தெரிந்த பிள்ளை முடிவில்லாததைத் தொட்டுவிட்டது. எனக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த அதிசயத்துக்கு முன்னால் இறைவனை நினைத்துக்கொண்டேன், மறைக்கவில்லை. நினைத்துக்கொள்வது வேறு, நிரூபணம் என்று மேடையில் சொல்வது வேறு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே கற்பனையில் நாம் வேறு ஒன்றையும் போட்டுவைக்கிறோம். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்." ஒரு வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து என் மகள் சில இரவுகள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டே படுத்தாள். விலக்கிவிட்டால் தூக்கத்திலேயே மறுபடி கை கண்ணுக்குப் போகும். அவளுக்கு அந்தச் சாமி கட்டில் பக்கத்தில் நிற்கிறது. பூச்சாண்டியும் அதே உறுதியோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறான். குழந்தையின் கற்பனை சாட்சி என்றால் கண்ணைக் குத்தும் சாமிக்கும் அது சாட்சி சொல்கிறது. அந்தச் சாமியை நீங்களும் கும்பிடவில்லை, நானும் கும்பிடவில்லை.

பிள்ளைகளைச் சான்றாக வைத்துப் பார்த்த ஒரு கொடுமை நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. ஒவ்வொரு குழந்தையும் இறைநெறி நாட்டத்தோடுதான் பிறக்கிறது என்ற நபிமொழியைச் சோதிக்க அக்பர் சுமார் இருபது கைக்குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து காசு கொடுத்து வாங்கி, ஒரு வீட்டில் வைத்து, பேசக்கூடாது என்ற கட்டளையோடு செவிலியரை அமர்த்தினார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதியிருக்கிறார். எந்த மதத்தின் சொல் முதலில் வாயில் வருகிறது என்று பார்ப்பதே நோக்கம். ஊமை வீடு என்றே அதற்குப் பெயர் வந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் பிள்ளைகள் எல்லாரும் ஊமையாக இருந்தார்கள். சிலர் செத்தும் போனார்கள்.

இதில் நாத்திகருக்கும் வெற்றி இல்லை. பேசும் திறன் மனிதக் குழந்தைக்குப் பிறவியிலேயே உண்டு, ஆனாலும் பேச்சைக் கேட்காத பிள்ளை பேசவில்லை. இறைநாட்டம் பிறவியிலேயே இருந்திருந்தாலும் அந்த வீட்டிலிருந்து அது வெளியே கேட்டிருக்காது. கொடுக்கப்பட்டது எது, கூடவே பிறந்தது எது என்று பிரித்தெடுக்க முடியாதபடி பிள்ளை மனம் பின்னிக்கிடக்கிறது. அதனால்தான் நீங்கள் கொடுப்பதற்கு இவ்வளவு கனம்.

எனவே என் வேண்டுகோள். ஆண்டு விழாப் பேச்சிலிருந்து அந்த வாதத்தையும், வகுப்பிலிருந்து கண்ணைக் குத்தும் சாமியையும் எடுத்துவிடுங்கள். "கடவுளை யார் படைச்சது?" என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், "அதிகப்பிரசங்கி, உட்கார்" என்று சொல்லாமல், "நான் இப்படி நம்புகிறேன், உனக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு உங்கள் மேல் இருக்கும் மரியாதை அதனால் குறையாது. வீட்டில் நாங்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பேசக் கூப்பிட்டால், எந்தச் சனிக்கிழமையும் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தாய்