செம்மண் உலகப் பட்டத்துக்கு உரிய இடம் கொடுங்கள்

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பினருக்கும் பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பினருக்கும் வணக்கம்.

அமெரிக்க வீரர் பில் டில்டன் பாரிஸ் செம்மண்ணில் ஒற்றையர் பட்டம் வென்றதே இல்லை என்று நம்பும் ரசிகர்கள் ஏராளம். பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பில் (இன்றைய பிரெஞ்சு ஓப்பன்) 1927இல் லகோஸ்டிடமும் 1930இல் கோஷேயிடமும் அவர் இறுதி ஆட்டத்தில் தோற்றதுதான் எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1921இல், பாரிஸை ஒட்டிய செங் க்ளூவில், உலக ஹார்டுகோர்ட் சாம்பியன்ஷிப்பையே அவர் வென்றிருக்கிறார். செம்மண் தரையைத்தான் அப்போது ஹார்டுகோர்ட் என்றார்கள். அது உங்கள் மேஜர் (கிராண்ட்ஸ்லாம்) பட்டங்களின் கணக்கில் வரவில்லை.

1912 முதல் 1923 வரை, போர் ஆண்டுகள் நீங்கலாக நடந்த போட்டி அது. 1922இல் மட்டும் பிரஸ்ஸல்ஸுக்குப் போனது. பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பின் சரித்திரத்தை 1891இலிருந்து சொல்கிறோம். சரி, ஆனால் 1924 வரை அதில் பிரெஞ்சு கிளப் உறுப்பினர்கள் மட்டுமே ஆட முடிந்தது. வெளிநாட்டு வீரர்கள் திரண்டு வந்து மோதியது செங் க்ளூவில்தான். அந்தப் பட்டத்தை ஒதுக்கிவிட்டு உள்ளூர்ப் பட்டத்தை மட்டும் முன்வரலாறாகக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிரெஞ்சு வீராங்கனை சூசன் லாங்லென் 1914இல் அங்கே வென்றபோது அவருக்கு வயது 15. அப்புறம் 1921, 1922, 1923 என்று மூன்று முறை. பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் ரோலான் கரோஸில் ஒரு மைதானத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறீர்கள். அவருடைய இந்த நான்கு பட்டங்களை மட்டும் ஏன் விட வேண்டும்? நியூசிலாந்தின் ஆண்டனி வைல்டிங் 1913இல் புல்தரை, செம்மண், உள்ளரங்கம் ஆகிய மூன்று உலகப் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். மறு ஆண்டும் செங் க்ளூவில் அவரே சாம்பியன். 1915 மே மாதம் பிரான்ஸ் போர்முனையில் இறந்துபோனார். அவருடைய அந்த இரண்டு வெற்றிகளும் மேஜர் கணக்கில் இல்லை என்பது மனதை உறுத்துகிறது.

அமெரிக்க டென்னிஸ் சங்கம் சர்வதேசக் கூட்டமைப்பில் சேர்வதற்காக 1923இல் உலகப் பட்டம் என்ற தகுதியைக் கைவிட்டீர்கள். அந்த முடிவு இனி வரப்போகும் போட்டிகளுக்குத்தானே? அதற்கு முன் வென்றவர்களின் வெற்றிகளை அது அழித்துவிடாது.

ஆகவே, இந்தப் போட்டியை மேஜர் பட்டியலில் சேருங்கள். அது இயலாதென்றால், பிரெஞ்சு சாம்பியன்களின் பட்டியலுக்குப் பக்கத்திலேயே 1912 முதல் 1923 வரை வென்ற ஆண், பெண் அனைவரின் பெயரையும் தனி வரிசையாகவாவது அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு டென்னிஸ் ரசிகன்