இசைத் தயாரிப்பு மென்பொருள் நிறுவனங்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சாலிகிராமத்தில் ஒரு வாடகை அறையில் கீபோர்டும் கணினியுமாக உட்கார்ந்து, பக்திப் பாடல்களுக்கும் குறும்படங்களுக்கும் கணினியில் வாத்திய இசை சேர்க்கும் புரோகிராமிங் செய்து பிழைப்பவன் நான். ஒரு மென்பொருளில் தொடங்கிய பாடலை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதில் உள்ள பாடு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தடங்களை வேவ் எனும் ஒலிக் கோப்புகளாக்குங்கள், ஸ்வரங்களை மிடியாக, அதாவது ஒலியில்லாத வாசிப்புக் குறிப்புகளாக அனுப்புங்கள் என்று நீங்கள் காட்டும் வழிகள் எதுவரை போகும் என்பதை அண்மையில் ஒரு பாடல் எனக்குக் காட்டிவிட்டதால் இதை எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான்: பாடல் வேலையை முழுதாக ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பொதுவடிவமான டாபிராஜெக்ட் (DAWproject) கோப்பைத் திறக்கவும் எழுதவும் உங்கள் மென்பொருளில் வழி செய்து தாருங்கள்.

மார்கழிக்கென்று ஒரு பாடல் தொகுப்பு தயாராகிக்கொண்டிருந்தது. அதில் தோடி ராகத்தில் அமைந்த பாடலைத் தொடங்கிய தம்பி, வெளிநாட்டில் வேலை கிடைத்துப் பாதியிலேயே புறப்பட வேண்டியதாயிற்று. பொறுப்பான பிள்ளை, எல்லாத் தடங்களின் வேவ் கோப்புகளையும், மிடி கோப்பையும், தம் மென்பொருளின் மூலக் கோப்பையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார். வேவ் கோப்புகளை வைத்தே வேலையை முடித்திருப்பேன். ஆனால் பாட வந்த அம்மாவுக்கு ஐந்து கட்டையில் மேல் ஸ்தாயி எட்டவில்லை என்பதால், பாடலை நாலரைக்கு இறக்கச் சொன்னார்கள். ஸ்வரங்கள் கையில் இருந்தால் இது ஒரு நொடி வேலை. ஒலியாகப் பதிந்துவிட்ட வீணையின் சுருதியை இறக்கினாலோ மீட்டு மழுங்கிப் போகிறது. ஆகவே மிடி கோப்பைத் திறந்தேன். தம்பி வாசித்த அதே வீணை பிளக்இன், அதாவது மென்பொருளுக்குள் ஒலிக்கும் வாத்தியம், என்னிடமும் இருந்தது.

தோடியின் காந்தார ஸ்வரம் அசையாமல் நின்றால் அது தோடியே அல்ல. அந்த அசைவைத் தம்பி, சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்டில் நுணுக்கமாக வரைந்திருந்தார். மிடியோ பெண்டின் நிலையை 0 முதல் 16383 வரையிலான ஓர் எண்ணாக மட்டுமே எழுதுகிறது. அந்த எண் எவ்வளவு ஏற்ற இறக்கத்தைக் குறிக்கிறது என்பது வாத்தியத்தின் அமைப்பைப் பொறுத்தது. தம் பிளக்இன்னில் அந்த எல்லையை அவர் இரண்டு அரைக் கட்டையாகக் குறைத்து வைத்திருக்க, என்னிடம் அது பன்னிரண்டாகத் திறந்தது. சிறிது அசைந்து நிற்க வேண்டிய காந்தாரம் ஒரு ஸ்தாயி முழுவதும் ஏறி இறங்கி ஊளையிட்டது. அதை ஊகித்துச் சரிசெய்துவிட்டேன். சரிசெய்ய முடியாதவை, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருக்கள். ஒவ்வொரு ஜாருவும் எவ்வளவு மெதுவாக இழைய வேண்டும் என்பதை அவர் பிளக்இன்னின் ஆட்டோமேஷனில், அதாவது அதன் அமைப்புகள் நேரத்துக்கு நேரம் தாமே மாறும்படி வரையும் கோடுகளில், எழுதியிருந்தார். மிடி கோப்பில் அதற்கு இடமே இல்லை. பழைய வேவ் கோப்பை ஒரு காதிலும் புதிய வீணையை மறு காதிலுமாகக் கேட்டுக்கேட்டு, பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை ஒவ்வொரு ஜாருவையும் மறுபடி வரைய வேண்டியிருந்தது. அந்த வேலைக்குத் தயாரிப்பாளரின் கணக்கில் எந்தத் தலைப்பும் இல்லை. இத்தனைக்கும், எல்லா விவரங்களும் அடங்கிய மூலக் கோப்பு என் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்தது. அதைத் திறக்க மென்பொருளை மட்டும் வாங்கினால் போதாது, அது ஓடக்கூடிய வேறு கணினியையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

இதற்குத் தீர்வு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பிட்விக், பிரீசோனஸ் ஆகிய இரு இசை மென்பொருள் நிறுவனங்களும் சேர்ந்து 2023இல் டாபிராஜெக்ட்டை வெளியிட்டன. ஜிப் பொதிக்குள் எக்ஸ்எம்எல், திறந்த உரிமம், கட்டணம் கிடையாது. ஒலித்துண்டுகள், ஸ்வரங்கள், தாள வேக மாற்றங்கள் ஆகியவற்றோடு பிளக்இன்னின் முழு அமைப்பும் அதன் ஆட்டோமேஷனும் அதில் போய்ச் சேருகின்றன. நான் இழந்தவை இந்தக் கடைசி இரண்டும்தான். 2024இல் வெளிவந்த கியூபேஸ் 14 இசை மென்பொருளும் இதை ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் ஒலித்துண்டுகளின் இடத்தையும் ஒலியளவையும் சுமந்து செல்லும் ஏஏஎஃப் (AAF) கோப்பைக் காட்டி, "எங்களிடம் ஏற்கெனவே வசதி இருக்கிறது" என்று இனியும் சொல்லாதீர்கள். அது படத்தொகுப்பாளருக்குப் போதும். பாட்டு வேலைக்குப் போதாது.

திறந்த வீட்டில் தங்க மாட்டார்கள் என்று அஞ்சித்தான் கதவைப் பூட்டி வைத்திருக்கிறீர்களோ என்று சில வேளைகளில் தோன்றுகிறது. முடிந்துபோன பாடலிலிருந்து குரலையும் தாளத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவு வித்தையைப் பெருமையாக விளம்பரம் செய்கிறீர்கள். ஏற்கெனவே பிரிந்தே இருக்கும் தடங்களைப் பக்கத்து மென்பொருளுக்கு அனுப்புவது மட்டும் உங்கள் பொறியாளர்களுக்கு எட்டாத வித்தையாக இருப்பது ஆச்சரியந்தான். 1983 ஜனவரியில் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் புராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிடர்-6 ஆகிய சிந்தசைசர்களை மிடி வழியே ஒரே கம்பியால் இணைத்து வாசித்துக் காட்டியபோது, அந்த இரு நிறுவனங்களும் சந்தையில் போட்டியாளர்களாகத்தான் இருந்தன. மிடி பொதுவானதால் எவரும் கடையைக் கட்டவில்லை. அதனால்தான் இன்று உங்களுக்கே ஒரு சந்தை இருக்கிறது. மாறாக, 2017இல் கிப்சன் நிறுவனம் தன் கேக்வாக் பிரிவின் மென்பொருள் மேம்பாட்டை நிறுத்தியபோது, அதன் சோனார் மென்பொருளில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பாடல்களை என்ன செய்வது என்று பலர் திகைத்து நின்றார்கள். மறு ஆண்டே பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கியதால் தப்பித்தார்கள். அடுத்த முறை வாங்க ஒருவர் வருவார் என்று உங்களில் எவரால் எழுதிக் கொடுக்க முடியும்?

குரல் சற்று உயர்ந்துவிட்டது, பொறுத்தருளவும். நான் கேட்பது பெரிதல்ல. எதிர்ப்புறம் இல்லாத பிளக்இன்னும் ஒலிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அது இருந்த இடத்தைப் பெயரோடு காலியாக விட்டால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஒரு மென்பொருளின் எக்கோ இன்னொன்றில் அச்சு அசலாக வர வேண்டும் என்றும் கேட்கவில்லை. டாபிராஜெக்ட்டைத் திறக்கவும் எழுதவும் இரண்டுக்கும் வழி செய்யுங்கள். திறக்க மட்டும் கொடுத்துவிட்டு எழுத மறுத்தால், வாசலை உள்ளே வருவோருக்கு மட்டும் வைத்ததாகிவிடும். அடுத்த பெரிய பதிப்பில் அது வருமா, வராதா என்பதையாவது வெளிப்படையாக அறிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வராது என்றால், புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தும் முன் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு.

இப்படிக்கு,
சாலிகிராமத்திலிருந்து ஓர் இசை புரோகிராமர்