நான்காவது கட்டில்

என் அன்பு மகளுக்கு,

ஜனவரியில் பொக்னர் ரீஜிஸில் உள்ள பட்லின்ஸ் விடுமுறை முகாமில் நடக்கும் ராக்அவே பீச் இசை விழாவுக்கு நீயும் உன் தோழிகளும் ஷாலே என்கிற சிறு தங்கும் வீடொன்றை எடுக்கப்போவதாகவும், அதில் ஒரு கட்டில் வெறுமையாக இருப்பதாகவும் போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொல்லி, “அப்பா, நீங்கள் வருகிறீர்களா?” என்று கேட்டாய். நான் முழங்கால் வலியைச் சாட்டாகச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். உண்மையான காரணம் முழங்கால் அன்று. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் மைன்ஹெட் பட்லின்ஸில் நடந்த ஆல் ருமாரோஸ் பார்ட்டீஸ் இசை விழாவுக்கு உன்னோடு வந்தபோது நான் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் திருப்பி எடுக்கப்படாமல் கிடக்கிறது. அதை எடுக்காமல் அப்படியோர் இடத்துக்கு மறுபடியும் உன்னோடு வர எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்தப் பயணம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். அந்த விழாவுக்கு ஷாலேக் கணக்கில்தான் ரிக்கெற் விற்றார்கள். உங்கள் நால்வரில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்துவிட, உங்களைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்புவதாக இருந்த என்னை, “காசு வீணாகாமல் நீங்களே இருந்துவிட்டு வாருங்கள்” என்று அம்மா அனுப்பிவைத்தாள். நான் இசை கேட்க வரவில்லை, மகளே. மூன்று பெண்பிள்ளைகளுக்குக் காவலாகவே வந்தேன். பிரிட்ஜ்வாட்டர் தாண்டி இருட்டில் போய்க்கொண்டிருக்கையில், அன்றிரவு மேடையேறப்போகிற மை பிளடி வலன்டைன் குழுவின் இசைத்தட்டை நீ ஆசையோடு போட்டாய். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “இது சங்கீதமா, மில்லில் யந்திரம் ஓடுகிற சத்தமா?” என்றேன். நீ ஒன்றும் பேசாமல் கைநீட்டி அதை நிறுத்தினாய். மைன்ஹெட் வரும்வரை காருக்குள் ஒருவரும் பேசவில்லை.

பட்லின்ஸ் என்ற பெயர் எனக்குப் புதிதன்று. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னோடு இரவு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், சிறுவயதில் ஆண்டுக்கொருமுறை கிளாக்ரனில் இருந்த பட்லின்ஸ் முகாமுக்குப் பெற்றோரோடு போன கதையைத் தேத்தண்ணீர் நேரத்தில் திரும்பத் திரும்பச் சொல்வார். காலையில் ஒலிபெருக்கியில் எழுப்புவார்களாம்; சிவப்பு மேலங்கி அணிந்த இளைஞர்கள் விளையாட்டுக் காட்டுவார்களாம்; எவருடைய முழங்கால் முட்டு மிகவும் புடைத்திருக்கிறது என்று போட்டிகூட நடக்குமாம். பில்லி பட்லின் முதல் முகாமை 1936இல் ஸ்கெக்னெஸ்ஸில் திறந்தபோது, ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை என்பதே அவர் தொழிலாளருக்குக் கொடுத்த வாக்கு. மைன்ஹெட் முகாம் 1962இல் வந்தது. பிறகு விமானம் மலிந்து சனங்கள் ஸ்பெயினின் வெயிலைத் தேடிப் போகத் தொடங்கியதும் இந்த முகாம்களின் மவுசு குறைந்தது. குளிர்காலத்தில் ஷாலேக்கள் பூட்டிக் கிடந்தன. அந்த வெறுமைக்குள்தான் உன்னுடைய இசை குடிபுகுந்தது என்பதை நீ எனக்கு அங்கே விளக்கினாய். கிளாஸ்கோவைச் சேர்ந்த பெல் அன்ட் செபாஸ்டியன் குழுவினர் 1999 ஏப்ரலில் கேம்பர் சான்ட்ஸ் பொன்ரின்ஸ் முகாமில் நடத்திய பௌலி வீக்கெண்டர் விழா, அடுத்த ஆண்டு அதே முகாமில் மொக்வாய் குழு கலைஞர்களைத் தெரிந்தெடுத்த ஆல் ருமாரோஸ் பார்ட்டீஸ், 2006 முதல் மைன்ஹெட் என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். நான் தலையாட்டினேனே தவிர, மனத்தைக் கொடுத்துக் கேட்கவில்லை.

மனம் கொடுக்கத் தொடங்கியது அந்த ஷாலேயின் குசினியில்தான். சுவரில் தட்டினால் அடுத்த வீட்டில் கேட்கும். மின்னடுப்பின் ஒரு சுருள் சூடேறவே இல்லை. அலுமாரிக் கதவின் உட்புறத்தில் எத்தனை கரண்டி, எத்தனை கோப்பை என்று ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. நான் மீன்ரின் குழம்பு வைத்துக்கொண்டிருந்தபோது, ஈரத் தலையோடு ஓர் இளைஞன் கதவைத் தட்டி, ரின் வெட்டி இருக்கிறதா என்று கேட்டான். கொடுத்தேன். குழம்பின் மணத்தைப் பற்றி விசாரித்தான். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் பிற்பகல் நீ என்னை இழுத்துக்கொண்டு போன மேடையில் டிரம்ஸ் வாசித்தவன் அவனேதான். ரின் வெட்டியைத் திருப்பித் தரும்போது கிண்ணத்தையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

உனக்கு இது சிறிய விடயமாகத் தெரியலாம். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வர, தவில் கோஷ்டிகள் வரும்போது அவர்களை ஊரவர் வீடுகளில்தான் தங்கவைப்பார்கள். இரவில் வெளி வீதியில் சனக்கூட்டத்தைக் கட்டிப்போட்ட மேளகாரர், விடிந்ததும் எங்கள் கிணற்றடியில் நின்று, “தம்பி, அந்த வாளியைத் தாரும்” என்று என்னிடம் கேட்பார். இங்கிலாந்தில் நான் பார்த்த இசை நிகழ்ச்சிகளில் கலைஞன் எங்கோ பின்வாசலால் வந்து பின்வாசலால் போய்விடுவான். அந்த முகாமில் அவர்களுக்குத் தனியிடம் இருக்கவில்லை. அவர்களும் உங்களோடு வரிசையில் நின்று சிப்ஸ் வாங்கினார்கள், நீச்சல் தடாகத்துக்குப் போனார்கள். ஷாலேயில் இருந்த தொலைக்காட்சியில்கூட விழாவை ஏற்ற மை பிளடி வலன்டைன் குழு தெரிந்தெடுத்த படங்களே ஓடின. யாரை அழைப்பது என்பதையும் ஒரு வியாபாரி தீர்மானிக்காமல் ஓர் இசைக்குழுவே தீர்மானிக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு வித்துவான் தன் சபைக்கு இன்னொரு வித்துவானை அழைப்பதைப் போன்ற மரியாதை அது. அதனால்தான் கிற்றார்க் குழுக்களுக்கு நடுவில் டி லா சோல் என்ற ராப் குழுவினர் இருந்தார்கள். சன் ரா ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ் குழுவும் இருந்தது. அதன் தலைவர் மார்ஷல் அலனுக்கு அப்போது 85 வயது. பளபளக்கும் அங்கி அணிந்துகொண்டு அந்தக் கிழவர் சாக்ஸபோனை ஊதிய ஊதலில், எனக்கு வயதாகிவிட்டது என்று அதுவரை நான் நினைத்திருந்த நினைப்பு சற்று ஆட்டம் கண்டது.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். மேடைக்குப் போகும் முன் நீ என் உள்ளங்கையில் இரண்டு மஞ்சள் நிறக் காதடைப்பான்களை வைத்து, அவற்றை விரல்களால் உருட்டி மெல்லியதாக்கிச் செருகிய பின் விரிய விடவேண்டும் என்று காட்டித் தந்தாய். சிறுவயதில் உனக்குக் காது குத்தியபோது உன் தலையை நான் பிடித்திருந்ததைப் போல, நீ என் தலையைச் சரித்துப் பிடித்து அவை சரியாகப் பொருந்தினவா என்று பார்த்தாய். கடைசிப் பாடலின் நடுவில் மை பிளடி வலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸும் மற்ற மூவரும் மெட்டை விட்டுவிட்டு ஒரே இரைச்சலில் நின்றார்கள். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அது போயிற்று. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு நெஞ்செலும்பு அதிர்வதை உணர்ந்தேன். காற்சட்டைத் துணி காலோடு சேர்ந்து துடித்தது. இன்னும் சற்று நேரத்தில், அந்த ஒற்றை இரைச்சலுக்குள் பல சுரங்கள் ஏறியும் இறங்கியும் நடமாடுவது கேட்கத் தொடங்கியது. அவற்றை அவர்கள் வாசித்தார்களா, என் காதே உண்டாக்கியதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திடீரென்று நால்வரும் ஒரே கணத்தில் பாடலுக்குத் திரும்பினார்கள். விட்ட இடத்தில், விட்ட தாளத்தில்.

பிள்ளை, அந்தக் கணத்தை நான் அறிவேன். பதினைந்து வயதில் கோயில் வீதி மணலில் விடியும்வரை இருந்து தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவன் நான். தனி ஆவர்த்தனம் வளர்ந்து வளர்ந்து, இனிப் பாட்டு என்ற ஒன்று இருந்ததா என்றே மறந்துபோகும் நிலையில், கோர்வை முடிந்து பல்லவியின் எடுப்பில் நாதஸ்வரம் வந்து விழும்போது, கூட்டம் முழுவதும் மூச்சு விடும். மைன்ஹெட்டிலும் அதே மூச்சைக் கேட்டேன். திரும்பிப் பார்த்தேன், நீ கண்களை மூடிக்கொண்டு, வலக்கை விரல்களைத் தொடையில் தட்டி எண்ணிக்கொண்டு நின்றாய். அப்படி எண்ண உனக்கு நான் ஒருநாளும் சொல்லித் தரவில்லை. என் ஐயாவும் அப்படித்தான் நிற்பார்.

அன்றிரவே உன்னிடம் இதைச் சொல்லியிருக்கவேண்டும். வெளியே வந்ததும் குளிருகிறது என்று மட்டும் சொன்னேன். காரில் நான் சொன்னது பிழை, மகளே. கேட்கத் தெரியாதவன் சொன்ன பேச்சு அது. அதைச் சொன்னதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆல் ருமாரோஸ் பார்ட்டீஸ் 2016ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எல்லாம் தொடங்கிய கேம்பர் சான்ட்ஸ் முகாமையும் 2023இல் மூடிவிட்டார்கள் என்று வாசித்தபோது எனக்கே மனம் கனத்தது. ஆகவே, பொக்னரில் இன்னும் நடக்கிறது என்றால் நான் வருகிறேன். எனக்குக் கீழ்க் கட்டில் வேண்டும். மின்னடுப்பை நம்பமுடியாது என்பதால் ரைஸ் குக்கரை நானே கொண்டுவருகிறேன். பொங்கலுக்கு முன் வீடு திரும்பிவிடலாம் அல்லவா என்று அம்மா கேட்கிறாள். போகும் வழியில் காரில் நீ விரும்பியதைப் போடு. மைன்ஹெட் போகும் வழியில் அன்று நீ நிறுத்திய அந்த இசைத்தட்டு உன்னிடம் இன்னும் இருந்தால், அதையே முதலில் போடு.

அன்புடன்,
அப்பா