மூன்றாவது மூட்டை

நீடாமங்கலம்
தை 9

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் தேடிப் பார்த்தேன், சோம்பலைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மாடி ஏறுகிறாயா? பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா, இல்லை இன்னும் சம்பந்தி வீட்டோடு பஞ்சாயத்துதானா? இங்கே எல்லோரும் நலம். பயிர்தான் நலமில்லை.

விழுந்துவிட்டதுடீ. மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், வெள்ளைப் பொன்னியும் மார்கழிக் கடைசியில் ஒரே ராத்திரி மழைக்குப் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. அறுப்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தேன். மணிகளின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை முளை. பெல்ட் மெஷின்காரன் ஒரு மணி நேர வேலையை இரண்டரை மணி நேரம் செய்தான், வாடகையும் அதற்குத் தகுந்த மாதிரி. பாதி நெல் சேற்றோடு போயிற்று.

மழையைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் ராஜமாணிக்கம் அண்ணன் வயல். அதே பொன்னி, ஒரே நாற்றங்காலில் பறித்த நாற்று, அதே மழை. தலை சாய்ந்ததே தவிர விழவில்லை. ஐப்பசியில் அந்த வயலைப் பார்த்து நான் பரிதாபப்பட்டிருக்கிறேன், வெளிறிப் போய் நிற்கிறதே என்று. என் வயல் கரும்பச்சை. ‘டீச்சர் பயிரு கண்ணைப் பறிக்குது’ என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அண்ணன் மட்டும் ‘ரொம்ப மதர்த்திருக்கும்மா’ என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

கணக்கைக் கேள். பொன்னிக்கு எக்டருக்கு 75 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போதும் என்பது சிபாரிசு. ஏக்கருக்கு 30 கிலோ. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் 65 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் ஒன்றரைகூட இல்லை. நான் போட்டது மூன்று. மூன்றாவதைத் தண்டு உருளும் சமயத்தில் போட்டேன், பச்சை இன்னும் ஏறட்டும் என்று.

அப்புறம் எனக்குப் பழைய பைத்தியம் பிடித்தது. என் வயலிலிருந்து ஒரு தாள், அண்ணன் வயலிலிருந்து ஒரு தாள், இரண்டையும் அடிக்கணுவுக்கு மேலே வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து லேபுக்குப் போனேன். இப்போது அங்கே டீச்சராக இருப்பவள் என்னிடம் படித்தவள்தான், சிரித்துக்கொண்டே மைக்ராஸ்கோப்பைத் தந்தாள். பிளேடால் குறுக்கே சீவி, வாட்ச் கிளாஸில் தண்ணீர் விட்டு, சஃப்ரனின் என்கிற சிவப்புச் சாயத்தில் தோய்த்து... கை நடுங்குகிறது, இருந்தாலும் மெல்லிய சீவல் ஒன்று மாட்டியது. ரெக்கார்டு நோட்டில் உன்னுடையதைப் பார்த்து வரைந்தவள் சொல்கிறேன், நம்பு.

அண்ணன் தாளில், தோலுக்குக் கீழே தண்டுக்கு உறுதி தருகிற ஸ்கிளிரன்கைமா வளையம் குங்குமத்தைக் குழைத்துப் பூசிய மாதிரி அடர்சிவப்பு. செல்கள் சின்னவை, சுவர்கள் தடித்தவை. என் தாளில் செல்கள் பெரிசு பெரிசாக இருந்தன. வளையம் இருந்தது, ஆனால் வெளுத்த ரோஜா நிறம். கணுவிடையும் அண்ணன் தாளைவிட இரண்டு விரற்கடை நீளம்.

நீ இதை எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கே நடத்துகிறவள், தப்பிருந்தால் திருத்து. செல்லுலோஸ் என்பது சர்க்கரைச் சங்கிலி, அதில் ஒரு நைட்ரஜன் அணுகூடக் கிடையாது. அதனால்தானோ என்னவோ, தழைச்சத்தையும் செல்சுவரையும் நான் என்றைக்குமே சேர்த்து யோசித்ததில்லை. ஆனால் தழைச்சத்து ஏறினால் செடி அதை அமினோ அமிலமாக்கியாக வேண்டும், அதற்குக் கார்பன் வேண்டும். இலை செய்கிற சர்க்கரையிலிருந்துதான் அந்தக் கார்பனும் போக வேண்டும், சுவருக்கும், சுவரை மரம் மாதிரி இறுக்குகிற லிக்னினுக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும். புரதத்துக்கு அள்ளிக் கொடுத்தால் சுவருக்கு மிச்சம்தான்.

இன்னொரு பக்கம், செல் பெரிதாக வேண்டுமென்றால் சுவர் முதலில் இளக வேண்டும். சுவர்ப்பக்கம் அமிலமாகும்போது எக்ஸ்பான்சின் என்கிற புரதம் செல்லுலோஸ் இழைகளின் பிடியைத் தளர்த்துகிறது, உள்ளே இருக்கிற தண்ணீரின் அழுத்தம் தள்ளுகிறது, செல் நீள்கிறது. நாம் படித்தபோது இது இல்லை. 1992-இல்தான் வெள்ளரி நாற்றில் கண்டுபிடித்தார்கள். தழைச்சத்து தாராளமாக இருந்தால் இந்த நீட்சி சீக்கிரம் நிற்பதில்லை. நீட்சி நின்ற பிறகுதான் முதல் சுவருக்கு உள்ளே இரண்டாம் சுவர் தடிக்கும், லிக்னின் படியும். என் பயிர் நீளுவதிலேயே காலத்தைக் கழித்துவிட்டது. அதற்கு மேல், தழைத்த இலை அடித்தண்டுக்கு வெயிலே விடவில்லை. நிழலில் கிடந்த தண்டு இன்னும் நீண்டது. கதிர் கனத்தது, மழை வந்தது, அவ்வளவுதான்.

லிக்னின் விஷயத்தில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. அது ஃபீனைல்அலனினிலிருந்து புறப்படுகிறது, அது நைட்ரஜன் உள்ள அமினோ அமிலம். ஆனால் வேலை தொடங்கும் முன்பே செடி அந்த நைட்ரஜனைக் கழற்றி அமோனியாவாகத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்கிறதாம். நாற்று நடப் போகிறவள் வளையலைக் கழற்றி முடிந்துகொள்வது மாதிரி. அவ்வளவு சிக்கனமான ஜீவனுக்குத்தான் நான் மூன்று மூட்டை கொட்டினேன்.

1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐஆர் 8 நெல் வந்ததே இதற்காகத்தான். நெட்டை நெல்லுக்கு உரம் கூட்டினால் விழுகிறது, ஆகவே நெல்லையே குட்டையாக்கினார்கள். அதை வகுப்பில் கதை மாதிரிச் சொல்லியிருக்கிறேன். பொன்னி இன்னும் நெட்டைதான் என்பது என் கண்ணெதிரே நின்றும் உறைக்கவில்லை.

கோமதி, நஷ்டம் போகட்டும், பென்ஷன் வருகிறது. ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. இருபத்தெட்டு வருஷம் ‘செல்சுவர் செல்லுலோஸால் ஆனது’ என்று எழுதிப்போட்டேன். ஒரு மார்க் கேள்வி. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வயல் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் அதை நோட்டில் எழுதி மூடிவிட்டு, வீட்டுக்குப் போய் அப்பாவோடு யூரியா தெளித்திருப்பார்கள். அவர்களில் ஒருவனாவது ‘டீச்சர், எங்க பயிரு ஏன் விழுது?’ என்று கேட்டிருந்தால் நான் காற்று என்றுதான் சொல்லியிருப்பேன். மரிக்கொழுந்து மேடம் நமக்குச் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன், கொஞ்சம் சிரித்த முகத்தோடு.

அடுத்த சம்பாவுக்கு இலை வண்ண அட்டை வாங்கி வைத்துவிட்டேன். பொன்னிக்கு மூன்றாம் எண் பச்சை, இலை அதற்குக் கீழே வெளுத்தால்தான் யூரியா. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இதுக்கு அட்டை எதுக்கும்மா?’ என்றார்.

ஸ்லைடு இரண்டையும் கிளிசரினில் போட்டு வைத்திருக்கிறேன். பேத்தி பெயர் விவகாரம் எப்போது முடிந்தால் என்ன, அது காய்வதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன்
வசந்தா